ஒரே விசையில் இரண்டு அச்சு

எங்கள் கடைக்குப் பழைய விசைப்பலகைகள் சாக்கில்தான் வந்து இறங்கும். கொழும்பில் ஏதாவது கம்பனி தன் கந்தோரை மூடினால் முதலாளி அங்குள்ள கணினிகளை மொத்தமாக எடுத்து லொறியில் திருகோணமலைக்கு அனுப்புவார். திரைகளும் பெட்டிகளும் கடையின் முன்பக்கம் போகும். விசைப்பலகைகளை வயரோடு வயர் சிக்கியபடி பின்னால் என் மேசையடியில் கொட்டிவிட்டுப் போவார்கள். அவற்றைப் பிரிப்பது என் வேலை. எழுத்து எப்படி அச்சடிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துப் பிரிக்க வேண்டும்.

இதில் பிரிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். சேர்ந்த முதல் நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, எழுத்து எல்லா விசையிலும் ஒரே மாதிரி நிற்பதில்லை. மலிவான பலகைகளில் முத்திரை குத்துவதுபோல மேலே மையால் குத்தியிருப்பார்கள். நகத்தை மெல்ல இழுத்தால் எழுத்தின் ஓரத்தில் தட்டும். சிலதில் லேசரால் பிளாஸ்டிக்கையே சுட்டு எழுதியிருக்கும். கறுப்பு விசையில் அது சாம்பல் நிறமாக, விரலுக்குக் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். சாயம் ஊறவிட்டவை வேறு. நகத்துக்கு ஒன்றுமே தெரியாது, எழுத்து பிளாஸ்டிக்குக்குள் இறங்கியிருக்கும். ஆனால் சாயத்தில் வெளிறிய விசைமேல் கரிய எழுத்துத்தான் போடலாம், கறுப்பு விசைமேல் வெள்ளை எழுத்து ஏலாது. எல்லாவற்றிலும் உசத்தியானது இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்று வார்த்தது. விசையைக் கழற்றிக் கவிழ்த்தால் மற்ற நிறம் உள்ளே தெரியும். விசை தேய்ந்து ஓட்டையானாலும் அந்த எழுத்துப் போகாது. இவை தவிர ஸ்டிக்கர் ஒட்டியவையும் வரும்.

பிரிப்பது சும்மா அழகுக்காக அல்ல. மையும் ஸ்டிக்கரும் என்றால் சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்து மேலால் துடைப்பதோடு சரி. மற்றவற்றின் விசைகளைக் கழற்றி, பாமசியில் விற்கிற ஸ்பிரிட்டில் ஊறப்போடலாம். பத்து வருட ஊத்தையும் போய்விடும். மாறிப் போட்டால் எழுத்தும் சேர்ந்து போகும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஈச்சிலம்பற்றுப் பக்கம் எங்கள் ஊர். அம்மா மீன் வெட்டிக் கருவாடு போடுவா, நானும் கூட இருந்து வெட்டிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன். ஒருநாள் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் எழும்பி, மூக்கைப் பொத்திக்கொண்டு, இடம் மாற்றித் தரும்படி ரீச்சரிடம் கேட்டாள். ரீச்சரும் மாற்றிக் கொடுத்தா. பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டில் வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் எனக்குள்ளே காரணம் அதுதான். பிறகு அக்காவோடு திருகோணமலை ரவுனுக்கு வந்து, இரண்டு மூன்று கடை மாறி, கடைசியில் துறைமுக வீதிக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில் இருக்கிற இந்தக் கணினிக் கடைக்கு வந்து சேர்ந்தேன்.

எனக்கு எதிலும் பயம். கதவைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறினால் இறங்கும் இடம் தாண்டிவிட்டதோ என்று ஏறிய இடத்திலேயே கேட்பேன். அந்தக் குணம் இந்த வேலைக்குத் தோதாக வந்தது. ஒவ்வொரு விசையையும் நகத்தால் ஒருதரம், வெளிச்சத்தில் சரித்து ஒருதரம், கவிழ்த்து ஒருதரம் பார்ப்பேன். இரண்டு வருடத்தில் ஒரு பலகையில்கூடப் பிழைவிடவில்லை. கடை முதலாளி கிண்ணியாக்காரர், முஸ்லிம். அண்ணன் என்ற அர்த்தத்தில் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். வருகிற ஆட்களுக்கு அவர் என்னைக் காட்டி, "இது எங்கட பிரபசர். நகத்தால தொட்டாலே சாதகம் சொல்லிரும்" என்பார். நான் வெட்கப்படுவதுபோல் குனிந்துகொள்வேன். உள்ளுக்குள் அது எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்பதை அவர் அறியமாட்டார்.

சம்பூரிலிருந்து ஒரு பெண் வந்தது அப்படியொரு நாளில்தான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். கட்டைபறிச்சானில், முன்பள்ளிகளைப் பார்க்கிற ஒரு சின்னக் கந்தோரில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்து ஒரு கிழமை என்றாள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்களாம். கந்தோர் விசைப்பலகையில் தேத்தண்ணி கொட்டி, விசைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன.

"நான் ஊத்தேல்லை அக்கா, மெடத்தின்ர கைதான் தட்டினது. ஆனா கொண்டுபோய்த் திருத்திக்கொண்டு வா எண்டு என்னட்டைத் தந்திட்டா."

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி. மத்தியானத்துக்குப் பிறகு வாங்கோ" என்றேன் நான். மற்றவர்களைப் பயப்படாதே என்று சொல்வதில் எனக்கு ஒரு ருசி இருந்தது.

கறுப்புப் பலகை. ஆங்கில எழுத்தில் நகத்தை வைத்து இழுத்தேன், சொரசொரத்தது. சுட்ட எழுத்து. இன்னொரு விசையிலும் பார்த்தேன், அதுவும் சுட்டதுதான். விசைகள் எல்லாவற்றையும் கழற்றி ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு, ஸ்பிரிட்டை ஊற்றி மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து மூடியைத் திறந்தால் ஸ்பிரிட் பால் கலந்தமாதிரிக் கலங்கியிருந்தது. ஆங்கில எழுத்துகள் பத்திரமாக இருந்தன. அவற்றுக்குக் கீழே வலப்பக்கத்தில் சின்னதாக இருந்த தமிழ் எழுத்துகள் ஒன்றுகூட இல்லை.

ஆங்கிலம் தொழிற்சாலையில் சுட்டது. தமிழை இங்கே யாரோ பிறகு வெள்ளை மையால் குத்தியிருக்கிறார்கள். ஒரே விசையில் இரண்டு அச்சு. அப்படி வருவது புதிதில்லை, எங்கள் பக்கத்துப் பலகைகளில் அடிக்கடி வரும். ஆங்கில எழுத்தை இரண்டு தரம் பார்த்தவள், பக்கத்தில் இருந்த தமிழெழுத்தில் ஒருதரம்கூட நகத்தை வைக்கவில்லை. எனக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அதனாலேயே அதுதான் பெரிய எழுத்து, அதைப் பார்த்தால் போதும் என்று ஒரு எண்ணம் இருந்திருக்கிறது. தமிழெழுத்து என் கண்ணில் படவேயில்லை.

விசைகளைக் காயவைத்து, வேறொரு பலகையைப் பார்த்துப் பார்த்து இடத்தில் பூட்டினேன். பூட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் வந்துவிட்டாள். கடையில் நானாவும், மௌஸ் வாங்க வந்த ஒரு ரியூசன் மாஸ்டரும், ஃபோனுக்குக் கண்ணாடி போட வந்த ஒருவரும் நின்றார்கள்.

அவள் பலகையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, தமிழெழுத்து எங்க? நான் தரேக்க இருந்தது. எனக்குப் பாத்துத்தான் அடிக்கத் தெரியும். இதில்லாமல் ஏலாது அக்கா."

நானா என் பக்கம் திரும்பினார். "என்ன புள்ள?"

நான் பிழைவிட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நானா ஏசியிருப்பார், அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் நடந்திருக்காது என்று இன்று தெரிகிறது. அன்று எனக்கு அது வேலை போகிற விடயம், பிரபசர் என்ற பெயர் போகிற விடயம், திரும்பவும் ஒன்றும் தெரியாத ஒருத்தியாகிற விடயம். பலகையைப் பிடித்திருந்த அவளுடைய விரல்களைப் பார்த்தேன். மீன் செட்டை கீறிய சின்னச் சின்ன வெட்டுகள், உப்பில் ஊறி வெளுத்திருந்தன. அந்தக் கையை எனக்குத் தெரியும். என் அம்மாவின் கை அது.

"தங்கச்சி, வீட்டில என்ன வேலை செய்யிறனீங்கள்?" என்று கேட்டேன்.

"காலமை அப்பாவோட... மீன் வெட்டி உப்புப் போட்டிட்டுத்தான் கந்தோருக்குப் போறனான்."

"அதுதான்" என்றேன்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. பிறகு நான் நிற்கவில்லை. மீன் எண்ணெயும் உப்பும் கையிலிருந்து விசைக்கு இறங்கும் என்றேன். அது மையை அடியிலிருந்து அரித்துவிடும், பார்வைக்கு எழுத்து நிற்பதுபோல் இருக்கும், தண்ணி பட்டதும் வந்துவிடும் என்றேன். ஒரு கிழமையில் அப்படி அரிக்காது என்று தெரிந்த ஒரே ஆள் அந்தக் கடையில் நான்தான். மை அச்சு, சுட்ட அச்சு, வார்த்த அச்சு என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் அள்ளிக் கொட்டினேன். சொல்லச் சொல்ல என் குரல் ஒரு ரீச்சரின் குரல்போல ஆகிக்கொண்டு வந்தது.

"ஓம், உப்புக் காத்து இரும்பையே திண்ணுது. மை எந்த மூலைக்கு?" என்றார் ரியூசன் மாஸ்டர்.

"மீன்ட எண்ணெ பொல்லாதது புள்ள" என்றார் நானா அவளிடம், பாவப்பட்டுத்தான்.

கண்ணாடி போட வந்தவர் அவளுடைய கையைப் பார்த்தார். அவள் பலகையை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கையையும் தோள்பையின் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

நான் தமிழ் ஸ்டிக்கர் ஒரு தாள் எடுத்து, ஒவ்வொரு விசையிலும் நேராக ஒட்டிக் கொடுத்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை. அவள் போகும்போது, "பெரிய உதவி அக்கா. கையை இனி வடிவாக் கழுவிப்போட்டுத்தான் தொடுவன்" என்றாள். நான் தலையாட்டினேன்.

நான் சொன்ன பொய் அதோடு முடிந்திருந்தால் ஒருவேளை இதை எழுதியிருக்கவே மாட்டேன். நானாவுக்கு அது பிடித்துப்போனது. காட்சிக்கு வைத்த பலகைகளுக்கு மேலே, "மீன், இறைச்சி தொட்ட கையைக் கழுவிவிட்டுத் தொடவும்" என்று மாக்கர் பேனையால் எழுதி ஒட்டினார். யார் கேட்டாலும் காரணம் சொல்வார், சொல்லி முடித்து என்னைக் காட்டுவார். துறைமுகத்தடியில் வலை இழுத்துவிட்டு மகளுக்குக் கணினி வாங்க வந்த ஒரு ஐயா அதை வாசித்துவிட்டு, வாசலுக்குப் போய்ப் போத்தல் தண்ணியில் கை கழுவிக்கொண்டு வந்தார். நான் பின்பக்கம் போய் இல்லாத வேலையைத் தேடினேன்.

ஒன்றரை மாதமிருக்கும், அந்தச் சம்பூர்ப் பெண் திரும்ப வந்தாள். இன்னொரு தாள் ஸ்டிக்கர் வேண்டுமாம், ஓரமெல்லாம் கிளம்புகிறதாம்.

"ஸ்டிக்கர் அவ்வளவு கெதியாக் கிளம்புறேல்லையே" என்றேன், பேச்சுக்கு.

"கையுறையில இழுபடுது அக்கா."

"என்ன கையுறை?"

"மெடம் கையுறை போட்டுத்தான் அடிக்கச் சொல்லியிருக்கிறா. நீங்கள் சொன்னதை நான் போய்ச் சொன்னனான்தானே, ஏன் எழுத்தில்லை எண்டு கேட்டவ. அதுக்குப் பிறகு என்ர மேசையையும் கதவடிக்கு மாத்திப்போட்டினம்." ஏதோ இன்னொருத்தியின் கதையைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "கையுறையோட அடிக்க ஒண்டு அமத்தினா ரெண்டு விழுது. பிழை கூடிப்போச்சு. மூண்டு மாதம் முடிய வைச்சிருக்க மாட்டினம் போல. நானும் தேசிக்காய் போட்டு, சவர்க்காரத்தூள் போட்டுக் கழுவுறன். மணம் போகுது, மற்றது போகுதோ தெரியேல்லை."

மற்றது என்று அவள் சொன்னது, நான் கண்டுபிடித்த அந்த எண்ணெயை. அவள் விரல் நுனிகள் வெடித்திருந்தன. பழைய செட்டைக் கீறல்கள் அல்ல, எலுமிச்சைப் புளியும் சவர்க்காரத்தூளும் தின்ற வெடிப்பு. ஸ்டிக்கர் தாளை வாங்கும்போது உள்ளங்கையைக் கீழ்நோக்கிப் பிடித்து வாங்கினாள். கடையில் யாருமே இருக்கவில்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. நான், "கவனமாப் போயிட்டு வாங்கோ" என்றேன்.

அதற்கடுத்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. எதற்கும் பயப்படுகிற எனக்கு ஒரு விடயம் உறைத்தது. இத்தனை வருடமும் நான் பயந்ததில் பாதிக்குமேல் நடந்ததேயில்லை. அவளுக்கோ நான் பயப்படாதே என்று சொன்ன பிறகுதான் எல்லாம் நடந்தது. வெள்ளிக்கிழமை நானா தொழுகைக்குப் புறப்படும்போது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கையிலிருந்த தொப்பியை மேசைமேல் வைத்தார். பிறகு போய்ச் சுவரிலிருந்த அந்த அறிவித்தலைக் கிழித்து மடித்துக் குப்பையில் போட்டார்.

"என்ட வாயாலயும் எத்தின பேருக்குச் சொல்லிட்டன்" என்றார். "போ புள்ள, இப்பவே போ. நாளைக்கு எண்டா நீ போக மாட்டாய்."

அவர் என்னை இவ்வளவு சரியாக அறிந்து வைத்திருந்தது எனக்கு இன்னொரு வெட்கம்.

பஸ் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்வரை என்ன சொல்வது என்று மனதில் அடுக்கினேன். மூதூர் வந்ததும் எல்லாம் குலைந்தது. கட்டைபறிச்சானில் இறங்கி, விசாரித்து, அந்தக் கந்தோருக்குப் போனேன். சின்ன வீடு, முன் அறையில் இரண்டு மேசை. கதவடி மேசையில் அவள் இருந்தாள். ஆஸ்பத்திரியில் போடுகிற வெள்ளைக் கையுறை. வெக்கைக்கு வேர்த்து, உள்ளே விரல்கள் சுருங்கியது வெளியே தெரிந்தது.

"ஸ்டிக்கர் நல்லாத்தான் நிக்குதக்கா" என்றாள், என்னைக் கண்டதும்.

நான் அவளருகே குனிந்து, மற்ற மேசைக்குக் கேட்காத குரலில் சொன்னேன். பலகையை ஸ்பிரிட்டில் போட்டது நான், எழுத்துப் போனது என் பிழையில், உங்கள் கைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று.

அவள் அடித்துக்கொண்டிருந்த வரியை முடித்தாள். பிறகு, "அண்டைக்கு ஆக்களுக்கு முன்னால சத்தமாச் சொன்னனீங்கள்" என்றாள். "இண்டைக்கு ஏன் காதுக்குள்ள சொல்லுறியள்? மெடத்துக்குக் கேக்கச் சொல்லுங்கோ."

சொன்னேன். மெடம் என்று அவள் சொன்னவ ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டா. கெட்டவ இல்லை. கெட்டவவாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"அப்ப நான் இந்தப் பிள்ளையை வீணா..." என்று தொடங்கி நிறுத்தினா. பிறகு கந்தோர்க் குரலுக்கு வந்துவிட்டா. "வாயால சொன்னாப் போதாது. கையுறை விசயம், பிழை கூடின விசயம் எல்லாம் நிர்வாகக் குழுவுக்கு நான் எழுதிப் போட்டிட்டன். வாற மாதம் அவையள்தான் முடிவெடுப்பினம். எழுதித் தாங்கோ, ஃபைலில போடுறன்."

எழுதுவதா? கந்தோர்க் கடிதம் எழுத அன்று எனக்குத் தெரியாது. என் எழுத்து ஒன்பதாம் வகுப்பிலேயே நின்றுபோன எழுத்து. பேனையைக் கையில் வாங்கி, தாளை நேராக வைத்து, சரித்து வைத்து, திரும்ப நேராக வைத்தேன்.

"விடுங்கோ" என்றாள் அவள். கையுறைகளைக் கழற்றி, மேசை லாச்சியை இழுத்து அதற்குள் போட்டாள். "நீங்கள் சொல்லுங்கோ, நான் அடிக்கிறன்."

நான் அவள் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னேன். வெறும் விரல்களோடு அவள் அடித்தாள். நல்ல வேகம். நான் திக்கித் திக்கிச் சொன்னதால் அவள்தான் எனக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

"விசைப்பலகையைச் சுத்தம் செய்யேக்க தவறுதலா..."

"ம். பிறகு?"

"தவறுதலா ஸ்பிரிட்டில் போட்டதால தமிழ் எழுத்துகள் அழிஞ்சது. இவவின்ர கையால அழியேல்லை."

"பிறகு?"

"வருந்துகிறேன்."

அவள் விரலை எடுத்துவிட்டாள். "கையாலதான் அழிஞ்சது எண்டு சொன்னது ஆர்? அதைப் போடேல்லையே."

"நான்தான் சொன்னனான்."

அடித்தாள். திரும்பி முதல்தரமாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். "சொல்லேக்க அது பொய் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? இல்லாட்டி அப்பிடித்தான் எண்டு நினைச்சோ சொன்னனீங்கள்?"

நினைத்துத்தான் சொன்னேன் என்று சொன்னால் அவள் நம்பியிருப்பாள். மெடமும் நம்பியிருப்பா. அந்தப் பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. இதை எழுதும்போது எனக்கு எல்லாவற்றிலும் வெட்கமானது அதுதான். அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போயும் அந்தப் பதில் என் நாக்கில் வந்தது.

"தெரியும்" என்றேன்.

"அப்ப அதையும் போடவேணும்" என்று திரும்பிக்கொண்டாள்.

அவள் அடித்தது திரையில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது: "உண்மையில்லை என்று தெரிந்துகொண்டே சொன்னேன்." அச்செடுத்துத் தந்தாள். நான் விரலை வைத்து மெதுவாக வாசித்து, கீழே கையெழுத்து வைத்தேன். தாளை மெடத்திடம் கொடுத்துவிட்டு வந்து அமர்ந்தாள். அடுத்த வேலையை எடுத்தாள்.

நான் இன்னும் நின்றேன். ஏதோ ஒன்றை எதிர்பார்த்தேன் போல. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ரவுன் பஸ் இப்ப வரும். விட்டா நாலுமணிக்குத்தான்" என்றாள்.

அடுத்த மாதம் அவளை நிரந்தரமாக்கினார்கள். கிண்ணியாவில் யாரோ சொல்லி நானா கேள்விப்பட்டு வந்து சொன்னார், அந்தக் கந்தோருக்கு மூன்று மொழியும் வார்த்த எழுத்தில் ஒரு புதுப் பலகை வாங்கினார்களாம் என்றும் சொன்னார். எங்கள் கடையில் அல்ல.